ராசா செத்துப்போன நான்கு சொற்கள்

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆலங்கடவு, இந்தப் பக்கம் எங்கள் எட்டிக்கரை, நடுவில் வருஷத்தில் பாதி மணலாகவும் பாதி தண்ணீராகவும் கிடக்கிற அமராவதி. அந்தப் பக்கத்து ஊரின் கதையை இந்தப் பக்கத்து மாவு மில்லுக்காரன் சொல்கிறேன், அதனால் இதில் பொறாமை கொஞ்சம் கலந்திருக்கும். அரைக்கிற மாவில் முந்தைய ஆளின் மாவும் ஒரு கை கலந்துதான் வரும், அதற்காக யாரும் அரைக்காமல் இருப்பதில்லை.

ஐப்பசி வெள்ளம் வடிந்து ஆறு மறுபடியும் மணல் காட்டத் தொடங்கிய ஒரு காலையில், லாரிக்காரர்கள் மணலை அள்ளி அள்ளிக் கிணறாக்கிவிட்டுப் போன பெரிய குழியிலிருந்து நான்கு சொற்கள் மேலேறி, ஈரம் சொட்டச் சொட்டக் கரையைக் கடந்து, ஆலங்கடவுக்குள் போயின. அவற்றுக்கு உருவம் என்று ஒன்றும் இல்லை, ஆனால் எங்கே உட்கார்ந்தனவோ அந்த இடம், ஓடானாலும் கல்லானாலும், ஆற்று மணல் மாதிரி நனைந்து கறுத்தது. உட்கார்ந்த இடத்தில் ஒவ்வொரு சொல்லும் தன்னைத் தானே சொல்லிக்கொண்டது, ஒரு வெண்கலப் பானையிலிருந்து இன்னொரு வெண்கலப் பானைக்குத் தண்ணீர் ஊற்றுகிற சத்தத்தில். முதலில் கேட்டவர் டீக்கடை நாச்சிமுத்து. அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தவர், "யாருங்?" என்று திரும்பிப் பார்த்தார், பெஞ்சில் ஓரிடம் நனைவதைக் கண்டார், வந்தவர் யாரானால் என்ன என்று அந்த இடத்தைத் துடைத்துவிட்டு அடுப்புக்கே திரும்பிவிட்டார். ஆலங்கடவுக்காரர்கள் அப்படித்தான். தேர்தல் வருகிறது, காய்ச்சல் வருகிறது, சொல்லும் வந்துவிட்டுப் போகட்டும் என்றிருந்தார்கள்.

நான்கு சொற்களும் இவை: குவின்குவென்னாலியா, தெக்கென்னாலியா, விக்கென்னாலியா, திரிக்கென்னாலியா. பொழுது விடியும்போது ஒரு தரம், பொழுது சாயும்போது ஒரு தரம் அவை வரிசையாகத் தங்களைச் சொல்லிக்கொள்ளும். அந்த நேரத்தில் மாடுகள் அசைபோடுவதை நிறுத்தும், கிணற்றில் இறங்கிய வாளி பாதியில் நிற்கும், சண்டை போட்டுக்கொண்டிருக்கிற பொம்பிளைகள் விட்ட இடத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். இக்கரையில் என் மில்லுக்குள் பெல்ட் ஓடுகிற இரைச்சலிலும் அது கேட்கும். கேட்கும்போதெல்லாம் கையை எடுத்துக் கும்பிடலாமா என்று தோன்றும். ஆனால் ஆற்றைத் தாண்டி எங்கள் பக்கம் அவை ஒருநாளும் வந்ததில்லை. நான் பொறாமை என்றது இதைத்தான்.

அர்த்தம் சொன்னது எங்கள் மாதா கோயில் பங்குச் சாமியார் ஞானாதிக்கம். குருமடத்தில் லத்தீன் படித்தவர். செய்தி கேட்டதும் பைக்கை மணலில் தள்ளிக்கொண்டே ஆற்றைக் கடந்து போய், செருப்பைக் கழற்றிவிட்டு, பொழுது சாய்கிற வரைக்கும் நின்று கேட்டார். கேட்டு முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இதுங்க திருவிழாப் பேருங்க. பழைய ரோம் ராஜ்ஜியத்துல ராசா பட்டத்துக்கு வந்து அஞ்சு வருசம் ஆனா முதல் பேரு, பத்து ஆனா ரெண்டாவது, இருபது, முப்பதுன்னு அடுத்தது ரெண்டும். ஊர் கூடி, போன பத்துக்கு நேர்ந்துக்கிட்ட கடனைச் செலுத்துவாங்க. செலுத்துன கையோட அடுத்த பத்துக்கு நேர்ந்துக்குவாங்க. ரெண்டும் செஞ்சாத்தான் விழா முடியும்."

"ராசா இப்ப எங்கீங்க சாமி?" என்று கேட்டார் காளியண்ணன். அவர்தான் ஆலங்கடவின் ஊர்த் தலைவர், அப்பா காலத்திலிருந்து அந்தக் குடும்பத்துக்குத்தான் முதல் வெற்றிலை.

"செத்துட்டாருங்க. எல்லா ராசாவும் செத்துட்டாங்க. நம்ம ஆத்து மணல்ல அவங்க காசு எப்பவாவது கெடைக்குமே, அது மேலதான் இந்த நேர்த்திக்கடனை அடிச்சிருப்பாங்க. கப்பலேறி வந்த சொல்லுங்க, திரும்பிப் போக வழி இல்லாம மணலுக்குள்ள கெடந்துருக்குது."

"அப்புறம் என்ற ஊருக்குள்ள எதுக்குங் வந்துச்சு?"

"எங்க ஆட்சி நடக்குதோ அங்க போய்த்தான் உக்காரும்னு நெனைக்கறேன். வேற வேலை அதுங்களுக்குத் தெரியாது" என்றார் சாமியார்.

அவர் நினைத்தது சரியாகவே இருந்தது. மூன்றாம் நாள் குவின்குவென்னாலியா பஸ் ஸ்டாப் நாயின் மேல் போய் உட்கார்ந்தது. அந்த நாய் வந்து அன்றைக்கு ஐந்து வருஷம், அதன் அனுமதி இல்லாமல் வேறு நாய் அங்கே கால் வைத்ததில்லை, கண்டக்டர்கள்கூட அதற்கு ஒரு பிஸ்கட் போட்டுவிட்டுத்தான் விசில் ஊதுவார்கள். ஊர் கூடி யோசித்தது, ஆட்சி என்றால் அதுவும் ஆட்சிதானே என்று முடிவாயிற்று, நாய்க்குச் சாமந்தி மாலை போட்டார்கள். காளியண்ணன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஊர் எல்லைவரைக்கும் கேட்கும்படி, "அஞ்சு ஆச்சா?" என்று கத்தினார். ஊர் "ஆச்சு" என்றது. கத்திய கத்தில் அவருக்குத் தொண்டை கட்டி இருமல் வந்துவிட்டது. நாய்க்குச் சோறு போடுகிற வீடு நாச்சிமுத்துவின் டீக்கடை என்பதால் அவர் ஓடிவந்து ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார், தலைவர் குடித்தார், குடித்துவிட்டு, "இன்னொரு அஞ்சுக்கு நேர்ந்தோமா?" என்றார். ஊர் ஒரே குரலில் "நேர்ந்தோம்" என்றது. சொல் எழுந்து பறந்தது. நாய் உதறிக்கொண்டு நின்றது, அன்றைக்கு அதற்கு ஒரு வயது குறைந்த மாதிரி இருந்தது என்று சத்தியம் செய்கிறார்கள்.

திவசத்துக்குப் பூனையைக் கட்டிப்போட்ட கதைதான் அப்புறம் நடந்தது. இருமலுக்குக் குடித்த தண்ணீர் சடங்காகிவிட்டது. முதல் கேள்வி, அதன் பின் விழா யாருக்கோ அவர்கள் வீட்டுத் தண்ணீர் ஒரு சொம்பு, அதன் பின் இரண்டாவது கேள்வி, அதன் பின் "நேர்ந்தோம்". ஒரு தரம், பழைய கரும்பாலைச் சங்குக்கு இருபதாம் வருஷ விழா எடுத்தபோது, சங்குக்கு வீடேது, தண்ணீர் எதற்கு என்று தண்ணீரை விட்டுவிட்டார்கள். விக்கென்னாலியா சங்கை விட்டு எழவே இல்லை. அந்த வாரம் முழுக்க ஆலங்கடவில் யார் வாயைத் திறந்தாலும் அந்த ஒரு சொல்தான் வந்தது. குழந்தை பாலுக்கு அழுதாலும் விக்கென்னாலியா, மாமியார் மருமகளை வைதாலும் விக்கென்னாலியா, மைக்கில் ரேஷன் அறிவித்தாலும் விக்கென்னாலியா. கடைசியில் ஆலையின் காவல்காரர் வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த பின்தான் ஊருக்குப் பேச்சு திரும்பியது. அதிலிருந்து தண்ணீரில் மட்டும் யாரும் விளையாடுவதில்லை.

நேர்ந்தது நேர்ந்தபடி நின்றது, அதுதான் பெரிய ஆச்சரியம். ஒழுகிக்கொண்டிருந்த நாச்சிமுத்துவின் பாய்லருக்குப் பத்துக்கு நேர்ந்தார்கள், அன்றோடு ஒழுகல் நின்றது. கிழக்கே ஒருவரும் மேற்கே ஒருவருமாகப் படுத்துக்கொண்டிருந்த ஒரு புருஷன் பெண்டாட்டியின் கட்டிலில் விக்கென்னாலியா போய் உட்கார, ஊர் கூடி நேர்ந்துவிட்டது, பாவம், இப்போது அவர்கள் ஒரே தட்டில் சாப்பிடுகிறார்கள். காளியண்ணன் தன் தலைமைக்கு வருஷக் கணக்குப் பார்த்து, சொல் வரும் என்று வீட்டுக்கு வெள்ளையடித்து வைத்தார். திரிக்கென்னாலியா வரத்தான் வந்தது, வீட்டைத் தாண்டிப் போய்க் கொல்லையில் அவர் அம்மா வைத்திருந்த ஆட்டுக்கல்லின் மேல் உட்கார்ந்தது. அந்த வீட்டை யார் ஆண்டது என்று சொல்லுக்குத் தெரிந்திருக்கிறது என்று ஊர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

இப்படி ஆண்டுகொண்டிருந்த இன்னொன்றைப் பற்றி அந்த ஊரில் யாரும் வாய் திறப்பதில்லை. வாய் திறக்காமல் இருப்பதேதான் அது.

ஆற்று வளைவில், கிளுவை வேலிக்குள், ஒரு தோட்டத்து வீட்டில் மயிலாத்தாள் என்று ஒருத்தி இருக்கிறாள். காளியண்ணனின் கூடப்பிறந்த தங்கை. தோட்டமும் அதிலுள்ள கிணறும் அவள் கல்யாணத்துக்கு அப்பா கொடுத்தது. அவள் புருஷன் சென்னியப்பன் ஒரு மாசி மாதத்தில், கணுக்கால் தண்ணீர்தானே என்று ஆற்றைக் கடந்தவன், மணல் லாரிகள் தோண்டி வைத்த அந்தப் பெரிய குழியில் இறங்கி, திரும்பி வரவில்லை. குழியைத் தோண்டியது யாருடைய லாரி என்று ஊருக்கே தெரியும். விசாரிக்க வந்த அதிகாரி கேட்டபோது ஊர் தெரியாது என்றது. மயிலாத்தாள், "என்ற அண்ணன் லாரிதானுங்க" என்றாள். லாரியைப் பிடித்துக்கொண்டு போனார்கள், அந்த வளைவில் மணல் அள்ளுவது நின்றது, அதை நம்பி இருந்த பாதி ஊருக்குப் பிழைப்பும் நின்றது. ஊர்க் கூட்டம் போட்டு, அந்த வீட்டோடு பேச்சில்லை, தண்ணீரில்லை, நெருப்பில்லை என்றார் காளியண்ணன். ரோம் ராஜ்ஜியத்திலும் ஒருத்தனை ஒதுக்க வேண்டுமென்றால் தண்ணீரும் நெருப்பும் கிடையாது என்றுதான் தீர்ப்பு சொல்வார்கள் என்று ஞானாதிக்கம் சாமியார் ஒரு நாள் என்னிடம் சொன்னார். எந்த ஊரானால் என்ன, மனுஷனின் கெட்ட புத்தி ஒரே வாய்க்காலில்தான் ஓடுகிறது.

அன்றிலிருந்து அவள் சோளத்தையும் கம்பையும் தூக்கிக்கொண்டு வெள்ளிக்கிழமை தோறும் ஆற்றைக் கடந்து என் மில்லுக்கு வருவாள். தண்ணீர் அதிகம் போகிற நாட்களில் பாலம் சுற்றி வருவாள். வந்ததும் ஒரு சொம்பு தண்ணீர் கொடுப்பேன். குடித்துவிட்டுப் பேசத் தொடங்குவாள். கோழி முட்டையிட்டது, வெண்டைக்குப் பூச்சி விழுந்தது, கனவில் சென்னியப்பன் செருப்பைத் தேடினான் என்று ஒரு வாரத்துப் பேச்சு முழுவதையும் மாவு அரைபடுகிற நேரத்துக்குள் பேசியாக வேண்டும் அவளுக்கு. அவசரமில்லாத மாவையும் நான் மெதுவாகத்தான் அரைப்பேன்.

சொற்கள் வந்து சில வருஷம் ஆனபின் ஒரு மாசி வெள்ளியன்று அவள் வந்தபோது முகம் வெளிறியிருந்தது. தண்ணீரைக் கையில் வாங்கினாள், குடிக்கவில்லை.

"ஏனுங்ணா, தெக்கென்னாலியா என்ற ஊட்டுக் கூரை மேல வந்து உக்காந்துருக்குதுங்" என்றாள்.

"நல்லதுதானே அம்மிணி. எதுக்கு வந்துச்சாம்?"

"எதுக்குன்னு எனக்குத் தெரியுமுங். அவங்க என்ற கூடப் பேசாம இருக்கறாங்களே, அதுக்குப் பத்து வருசம். அந்தத் தீர்ப்புத்தான் எங்க ஊட்டுல ராசா." அவள் குரல் ஏறவே இல்லை. "ஊரு வரும். அண்ணன் கேக்கும். கேட்டு முடிக்கறதுக்குள்ள எல்லாரும் நேர்ந்தோம்னு கத்திப்போடுவாங்க, பழகிப்போச்சு. நேர்ந்தது நிக்கும். இன்னொரு பத்து வருசம் எனக்குத் தாங்காதுங்ணா. கோழிகிட்டயும் செடிகிட்டயும் பேசிப் பேசி, இப்பெல்லாம் என்ற சத்தமே எனக்கு ஆரோ பேசற மாதிரி இருக்குது."

"நீ போய்ச் சொல்லிப் பாரேன்" என்றேன், சொன்ன பிறகுதான் என் மடத்தனம் எனக்கே தெரிந்தது.

"நான் சொன்னா ஆரு கேப்பாங்க?" என்றாள்.

மில்லை நிறுத்திவிட்டு நானே ஆற்றைக் கடந்தேன். டீக்கடையில் இருந்தவர்களிடம் சொன்னபோது, சொல் எங்கள் கரைக்கு வரவில்லை என்ற வயிற்றெரிச்சலில் பேசுகிறேன் என்றார்கள். ஊருக்குள்ளே வேறு ஒரு வழக்கு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது: ஒதுக்கி வைத்த வீட்டின் முன்னால் நின்று பதில் சொன்னால் அது பேச்சுக் கணக்கில் சேருமா, சேராதா? விழாவை விட்டுவிடவும் முடியாது, கரும்பாலைச் சங்கு யாருக்கும் மறக்கவில்லை. வேலிக்கு வெளியே ரோட்டில் நிற்பது, முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொள்வது, பதிலைக் காற்றுக்குச் சொல்வது என்று நாலு பெரிய மனுஷர்கள் சேர்ந்து வழி கண்டுபிடித்தார்கள். அவ்வளவு யோசித்தவர்கள் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை.

காளியண்ணன் வாசலில் கட்டிலைப் போட்டுத் தனியாக உட்கார்ந்திருந்தார். வந்த விஷயத்தைச் சொன்னேன்.

"அது எதுக்கு வந்துருக்குதுன்னு எனக்குத் தெரியுமுங்" என்றார்.

"தெரிஞ்சுமா கேக்கப் போறீங்க?"

"நான் கேள்விதானுங் கேப்பேன். பதிலு ஊரு சொல்லறது."

அவர் வீட்டுப் பெண்கள் பிளாஸ்டிக் குடங்களோடு தண்ணீர் லாரிக்காக ரோட்டோரம் நின்றார்கள். மணல் போன இடத்தில் ஊற்றும் போய்விட்டது, அந்த ஊரில் பாதிக் கிணறு உப்புக் கரிக்கும், மீதிப் பாதி காய்ந்து கிடக்கும். நான் திரும்பி வந்துவிட்டேன்.

விழா நாள் காலையில் நான் மில்லைத் திறக்கவில்லை. அழையாத வீட்டுக்குப் போகக்கூடாது, அதனால் ஆற்றின் நடுவில், வெறும் மணலில் நின்றுகொண்டேன். அங்கிருந்து எல்லாம் தெரிந்தது, எல்லாம் கேட்டது. பத்து வருஷமாக ஆள் நடமாட்டம் பார்க்காத அந்த வேலிக்கு வெளியே ஊர் முழுக்க வந்து, கல்யாணத்துக்கு வந்து சோறு கிடைக்காதவர்கள் மாதிரி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. கூரையின் நெற்றி ஈரமாகக் கறுத்திருந்தது. மற்ற மூன்று சொற்களும் வந்து, வாசலிலிருந்த வேம்பின் மேல் ஒவ்வொரு கிளையாக உட்கார்ந்தன, அவை அப்படிக் கூடியதை அதுவரை யாரும் பார்த்ததில்லை. பிறகு நான்கும் சேர்ந்து தங்களைச் சொல்லின.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. முதலில் வெண்கலம் போலக் கேட்டது, பிறகு அந்த வெண்கலத்துக்குப் பின்னால் ஒரு கூட்டம் கேட்டது, எங்கேயோ ஒரு பெரிய ஊரின் வீதிகளில், மாடங்களில், படித்துறைகளில் நெருக்கியடித்து நின்று, எப்போதோ செத்துப்போன ராசாக்களுக்காக, எப்போதோ செத்துப்போன ஜனங்கள், அப்பன்கள் தோளில் பிள்ளைகளைத் தூக்கி வைத்துக்கொண்டு, நேர்ந்தோம் நேர்ந்தோம் என்று அவர்கள் பாஷையில் சொல்கிற சத்தம், ஒரு ராசாவும் நிலைக்கவில்லை, ஒரு பத்து வருஷமும் நிலைக்கவில்லை, நேர்ந்துகொண்ட குரல் மட்டும் மணலுக்கடியில் அத்தனை காலமும் காத்துக் கிடந்து இந்தக் கிளுவை வேலிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. என் காலுக்குக் கீழே மணல் நனைந்தது. ஓரத்தில் நின்ற கொக்குகள் ஒன்றும் அசையவில்லை. ஊரில் பலபேர் கையெடுத்துக் கும்பிட்டார்கள், நானும் கும்பிட்டேன், எதை என்று கேட்காதீர்கள்.

சத்தம் அடங்கியது. காளியண்ணன் துண்டை இடுப்பில் கட்டினார்.

"பத்து ஆச்சா?"

"ஆச்சு" என்றது ஊர், ஆற்றைப் பார்த்து.

அடுத்தது தண்ணீர். எல்லோரும் பழக்கத்தில் தண்ணீருக்காகக் காத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான், யார் வீட்டுத் தண்ணீர் என்ற எண்ணம் ஒவ்வொரு தலையிலும் மெதுவாக விழுந்தது. நாலு பெரிய மனுஷர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நேராமல் விட்டால் சொல் போகாது. நேர வேண்டுமென்றால் குடிக்க வேண்டும். குடித்தால், தண்ணீரில்லை என்ற தீர்ப்பு அந்த மிடறிலேயே செத்துப்போகும், செத்ததற்கு எப்படி இன்னொரு பத்து நேர்வது? கட்டின கயிற்றிலேயே கால் மாட்டிக்கொண்டது.

கதவு திறந்தது. மயிலாத்தாள் சொம்போடு வந்தாள். வாசலைக் கடந்து, வேலிப் படலைத் திறந்து, ரோட்டில் இறங்கி, கூட்டம் விலக விலக நடந்து, அண்ணன் முன்னால் நின்றாள். சொம்பை நீட்டினாள்.

காளியண்ணன் சொம்பைப் பார்த்தார். முகத்தில் கோபம் வரப் பார்த்து வராமல் போவது மணலில் நின்ற எனக்கே தெரிந்தது. கத்திய கத்தில் இருமல் வந்தது, வழக்கம்போல. இருமி இருமிக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. வாங்கினார். அண்ணாந்து குடிக்கத் தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார், சொம்பைக் கீழே இறக்கினார், உள்ளே எட்டிப் பார்த்தார், மறுபடியும் குடித்தார், கடைசிச் சொட்டுவரைக்கும். அந்த ஊரில் லாரித் தண்ணீரும் உப்புத் தண்ணீரும் குடித்துக் குடித்து நாக்கு மரத்தவர்களில் அவரும் ஒருவர்.

"அம்மிணி, இது எந்தக் கெணத்துத் தண்ணி?" என்று கேட்டார்.

"நேர்ந்தோம்" என்றது ஊர்.

பழக்கதோஷம். தலைவர் குடித்தார், ஏதோ கேட்டார், என்ன கேட்டார் என்று ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரியாது, தொண்டை கிழியக் கத்திவிட்டார்கள். தீர்ப்பு தண்ணீரோடு போய்விட்டது. அந்த நொடியில் அந்த வாசலில் ஆண்டுகொண்டிருந்தது, ஒரு அண்ணன் தங்கையிடம் கேட்ட கேள்வி மட்டும்தான். அதற்குத்தான் ஆலங்கடவு பத்து வருஷம் நேர்ந்துவிட்டது. கத்தி முடித்த பிறகு திரும்பிப் பார்த்தார்கள், திறந்த வாய்கள் திறந்தபடியே இருந்தன.

மயிலாத்தாள் தோட்டத்துப் பக்கம் கையைக் காட்டினாள். "அப்பா வெட்டுன கெணறுதானுங்ணா. இந்த வளைவுல மணலு இருக்குதல்ல, அதுனால ஊறுது" என்றாள்.

காளியண்ணன் நடுரோட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, காலிச் சொம்பை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். "குழியத் தோண்டி மாப்ளைய அதுக்குள்ள தள்ளுனது நாந்தான் அம்மிணி" என்றார், ஊர் முழுக்கக் கேட்கும்படி. அவள் அழவில்லை, அவரைத் தூக்கவும் இல்லை, பக்கத்தில் நின்றாள். பிறகு நாச்சிமுத்து, எதற்கும் முதலில் பெஞ்சைத் துடைக்கிற மனுஷன், வேலிக்குள் தலையை நீட்டி, "ஏனுங் மயிலக்கா, எனக்கும் ஒரு சொம்பு குடுப்பீங்ளா?" என்றார். அதன் பிறகு மத்தியானம்வரைக்கும் அவள் தண்ணீர் சேந்திக்கொண்டே இருந்தாள், வரிசை ரோட்டைத் தாண்டி நின்றது.

தெக்கென்னாலியா கூரையை விட்டு எழுந்தது. மற்ற மூன்றும் ஊருக்குள் திரும்பிப் போயின, அது மட்டும் போகவில்லை. என் தலைக்கு மேலே ஒரு ஈரக்காற்றாகக் கடந்து, நடு ஆற்றைத் தாண்டி, எந்தச் சொல்லும் இதுவரை வராத எங்கள் கரைக்கு வந்து, என் மில்லின் தகரக் கூரையில் உட்கார்ந்தது.

எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. மெஷின் வாங்கிப் பல வருஷம் ஆயிற்று, கட்டடம் அதைவிடப் பழசு. எட்டிக்கரைக்காரர்கள் வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள், எங்கள் பக்கத்தில் யாருக்கும் இந்த விழா எடுத்துப் பழக்கமில்லை. தகரத்தில் ஈரம் சொட்டிக்கொண்டே இருந்தது, காலையும் மாலையும் அது தன்னைச் சொல்லிக்கொண்டது. பெல்ட்டுக்குக் கீழே தூங்கிக்கொண்டிருந்த பூனை ஓடிப்போய்விட்டது.

அந்த வெள்ளிக்கிழமை அவள் வருவாள் என்று நான் நினைக்கவில்லை. ஆலங்கடவிலேயே மில் இருக்கிறது, இனி அங்கே அவளுக்கு அரைத்துக் கொடுப்பார்கள், பேச ஊரே இருக்கிறது. சந்தோஷப்பட வேண்டியவன், காலையிலிருந்து யார் என்ன கேட்டாலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். உச்சி வெயிலில் மணலில் ஒரு தலை தெரிந்தது, தலையில் ஒரு மூட்டை தெரிந்தது.

அவளுக்குக் குரல் கட்டியிருந்தது. "பேசிப் பேசித் தொண்டை போயிருச்சுங்ணா. ஒவ்வொருத்தரா வந்து பத்து வருசத்துக் கதையவும் சொல்றாங்க. ஆரு செத்தாங்க, ஆரு பொறந்தாங்க, ஒண்ணு விடாம" என்றாள். பிறகு மூட்டையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: "தண்ணி குடுத்தேனுங். மன்னிச்சுட்டேன்னு நான் ஆருகிட்டயும் சொல்லுலீங். அண்ணன் தெனமும் வந்து வாசல்ல உக்காருது. உக்காந்துட்டுப் போவட்டும்."

அப்போது கூரையிலிருந்து தெக்கென்னாலியா தன்னைச் சொன்னது. பொழுது சாயும் நேரம் இல்லை, ஆனாலும் சொன்னது. அவள் அண்ணாந்து பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தகரத்திலிருந்து சொட்டுகிற ஈரத்தைப் பார்த்தாள். எனக்கு இன்னும் விளங்கவில்லை, அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. நான் முதல் தரம் அவளுக்குத் தண்ணீர் கொடுத்ததும் பத்து வருஷத்துக்கு முந்தைய அந்த மாசி மாதத்தில்தான்.

"உங்க பக்கம் கேள்வி கேக்கறதுக்கு ஆளில்லைங்களா?" என்றாள்.

"இல்லை அம்மிணி."

சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கட்டிய குரலில், மில்லுக்குள் மட்டும் கேட்கும்படி, "பத்து ஆச்சுங்களாண்ணா?" என்றாள்.

"ஆச்சு" என்றேன்.

கை நீட்டினாள். சொம்பை மொண்டு கொடுத்தேன். எப்போதும் போல ஒரே மூச்சில் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு பத்துக்கு நேர்ந்தோமுங்களா?" என்றாள்.

அவள் கேட்டு முடிக்கிற வரைக்கும் காத்திருந்து, ஒவ்வொரு எழுத்தும் தெரிய, "நேர்ந்தோம்" என்றேன். கூரை ஒரு நொடி அதிர்ந்தது, ஈரம் நின்றது. பிறகு அவள் கொண்டுவந்த சோளத்தைக் கொட்டி, மெஷினைப் போட்டு, மெதுவாக அரைக்கத் தொடங்கினேன்.